அஞ்சறைப்பெட்டியும் மருந்துப் பேழையும்: இந்தியச் சமையல் மணப்பொருள்களின் உடல்நலப் பயன்கள் – ஒரு நோக்கு

முன்னுரை

இந்தியச் சமையலில் இடம்பெறும் மணப்பொருள்கள் உடல்நலத்திற்கு நன்மை பயப்பன என்பது தமிழரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கையாகும். 'உணவே மருந்து' என்னும் தொடர் பள்ளிக் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இடையறாது ஒலித்து வருகிறது. மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும், வெந்தயம் நீரிழிவைப் போக்கும், பட்டை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பன போன்ற கூற்றுகள் மாணவர் ஏடுகளில் எவ்விதத் தயக்கமுமின்றி எழுதப்படுகின்றன. இவற்றுள் எவை எந்த அளவிற்கு உண்மை என்பதையும், நம் மரபு இப்பொருள்களை உண்மையில் எவ்வாறு நோக்கியது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி அறிவார்வத்தால் மட்டும் எழுந்ததன்று. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற தேசிய உடல்நல ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையவராக இருந்தனர். இந்தியரிடையே அவ்விழுக்காடு 31.4 ஆகும். அஞ்சறைப்பெட்டி இல்லாத வீடே அரிதான ஒரு சமூகத்தில்தான் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. இம்முரண் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். மணப்பொருள்களைப் பற்றி நாம் வகுப்பறையில் கூறுவது, மாத்திரையை நிறுத்திவிட்டு வெந்தய நீரை நம்பும் ஒருவரின் காதில் எவ்வாறு விழும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது.

1. சொல் காட்டும் வரலாறு

'கறி' என்னும் சொல் சங்க இலக்கியத்தில் மிளகைக் குறித்தது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றின் 149ஆம் பாடலில் பதிவு செய்துள்ளார். இன்று நம் சமையலின் அடையாளமாகக் கருதப்படும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் அதற்கு மிளகாய் எனப் பெயரிட்டனர். எனவே 'பண்டைத் தமிழர் உணவு' என்று நாம் கூறும்போது அதில் இன்றைய சிவந்த குழம்பைக் காண இயலாது. மிளகும் சுக்கும் மஞ்சளும் கலந்த வேறொரு சமையலே நம் கண்முன் தோன்ற வேண்டும்.

சீரகம் பற்றிய விளக்கமும் இங்குக் கருதத்தக்கது. 'சீர் + அகம்', அதாவது அகத்தைச் சீர்செய்வது என்னும் விளக்கம் வகுப்பறையில் பெரிதும் விரும்பப்படுவது. எனினும், இச்சொல்லை வடமொழியின் 'ஜீரக' என்பதோடு இணைத்துக் காண்பதே அகராதியியலாரிடையே பெருவழக்காகும். அவ்வடசொல் செரித்தலைக் குறிக்கும் வேரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. சொற்பிறப்பு எதுவாயினும், இரு விளக்கங்களும் செரிமானம் என்னும் ஒரே பயனைச் சுட்டுவது வியப்பிற்குரியது. ஆயினும் பெயர் விளக்கம் மருத்துவச் சான்றாகிவிடாது. ஒரு பொருள் அகத்தைச் சீர்செய்யும் என்று பெயர் பெறுவது வேறு. அது அவ்வாறு செய்கிறது என நிறுவப்படுவது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் தமிழாசிரியர் கடமையாகும்.

2. மரபின் நோக்கு: அளவும் சேர்க்கையும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்னும் தலைப்புடையது. அதன் பத்துக் குறள்களிலும் ஒரு மூலிகையின் பெயரோ ஒரு மணப்பொருளின் பெயரோ இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மிகினும் குறையினும் நோய் உண்டாகும் என்பதும், முன் உண்டது செரித்த பின்னரே உண்ண வேண்டும் என்பதும், உடலோடு மாறுபடாத உணவை அளவறிந்து கொள்ள வேண்டும் என்பதுமே அவ்வதிகாரத்தின் சாரம். உணவே மருந்து என்னும் கருத்திற்கு இவ்வதிகாரத்தை மேற்கோளாகக் காட்டுவோர் பலர். ஆனால் அவ்வதிகாரம் வற்புறுத்துவது அளவையே அன்றித் தனிப்பொருள் எதனின் ஆற்றலையும் அன்று.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்துகளின் பெயரால் அமைந்தவை. நல்லாதனாரின் திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றின் கூட்டைக் குறிக்கும். காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களைக் குறிக்கும். கணிமேதாவியாரின் ஏலாதி, ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு பொருள்களின் கூட்டாகும். உடற்பிணி தீர்க்கும் மருந்துபோல் உளப்பிணி தீர்க்கும் அறங்கள் என்னும் உவமையால் இந்நூல்கள் பெயர் பெற்றன. ஏலாதிச் சூரணத்தில் ஏலம் ஒரு பங்காகத் தொடங்கி, ஏனைய பொருள்கள் படிப்படியாக ஆறு பங்குவரை ஏறும் அளவில் சேர்க்கப்படும் என்பர். ஒரு பொருளைத் தனியே எடுத்துப் போற்றும் வழக்கம் இங்கில்லை; குறித்த அளவில், குறித்த துணையோடு சேரும்போதே அது மருந்தாகிறது.

சித்த மருத்துவம் 'சுத்தி' என்றொரு படிநிலையையும் வகுத்துள்ளது. சுக்கின் மேல்தோலைச் சீவியும் கடுக்காயின் கொட்டையை நீக்கியும் பயன்படுத்த வேண்டும் என்பது அம்மரபில் வந்தோர் அனைவரும் அறிந்த விதி. இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடும் என அம்மரபு ஒருபோதும் கருதவில்லை. அளவு, சேர்க்கை, தூய்மை ஆகிய இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இனி அறிவியல் முடிவுகளை நோக்குவோம்.

3. செரிமானம்: மரபும் ஆய்வும் சந்திக்குமிடம்

மணப்பொருள்களின் பயன்களுள் செரிமானம் தொடர்பானவையே மரபில் முதன்மை பெற்றவை. விருந்திற்குப் பின் இரசம், குழந்தைக்கு ஓமநீர், பருப்புக் குழம்பில் பெருங்காயம் என்னும் வழக்கங்கள் இதனை மெய்ப்பிக்கும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகள் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில், இஞ்சி, சீரகம், மிளகு, மிளகாய், மஞ்சள் முதலியவை பித்தநீர்ச் சுரப்பையும் கணையத்தின் செரிமான நொதிகளையும் தூண்டுவதைக் கண்டறிந்தனர். கொழுப்பு மிகுந்த உணவிற்குப் பின் மிளகு இரசம் பருகும் வழக்கத்திற்கு இஃது ஓரளவு விளக்கம் தருகிறது. ஆயினும் விலங்காய்வு மனித உடலுக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது.

மனிதரிடம் நிகழ்த்திய ஆய்வுகளால் நன்கு உறுதிப்பட்டது இஞ்சியின் பயனாகும். கருவுற்ற தாய்மார்க்கு ஏற்படும் குமட்டலைத் தணிப்பதில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் உலர்ந்த இஞ்சி உதவுவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்க மகப்பேறு மருத்துவ வல்லுநர் அமைப்பின் வழிகாட்டியும் இஞ்சியை ஒரு தேர்வாகக் குறிப்பிடுகிறது. ஒரு கிராம் என்பது சமையலறை எட்டக்கூடிய அளவே. இங்கு மரபும் ஆய்வும் அளவும் ஒன்றுபடுகின்றன.

இஞ்சியையும் சுக்கையும் நம் முன்னோர் இருவேறு சரக்குகளாகக் கருதினர். பச்சை இஞ்சியின் காரத்திற்குக் காரணமான ஜிஞ்ஜெரால் என்னும் வேதிப்பொருள், உலரும்போதும் சூடேறும்போதும் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. எனவே சுக்கின் காரமும் செயலும் இஞ்சியினின்று வேறுபடுகின்றன. நாவாலும் பட்டறிவாலும் உணர்ந்த வேறுபாட்டிற்கு வேதியியல் பின்னர்ப் பெயர் சூட்டியது எனலாம்.

4. மஞ்சள்: காப்புரிமையும் அதற்கு அப்பாலும்

மஞ்சளைப் பற்றிப் பேசுவோர் காப்புரிமை வழக்கைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் இதனை எதிர்த்து, பழைய வடமொழி நூற்சான்று உள்ளிட்ட ஆவணங்களை முன்வைத்தது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. மரபறிவின் உரிமைப் போராட்டத்தில் இஃது ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அவ்வழக்கு நிறுவியது யாது என்பதைத் தெளிவாக உணர வேண்டும். அம்முறை புதிய கண்டுபிடிப்பன்று என்பதே அதன் முடிவு. மஞ்சள் எல்லா நோயையும் தீர்க்கும் என்பதை அவ்வழக்கு ஆராயவும் இல்லை. முடிவு கூறவும் இல்லை. உரிமைக்கான சான்றை மருத்துவ ஆற்றலுக்கான சான்றாகக் கொள்வது பல கட்டுரைகளில் காணப்படும் பெருங்குறையாகும்.

மஞ்சளின் முதன்மை வேதிப்பொருளாகிய குர்குமின், மஞ்சள் தூளில் ஏறத்தாழ 3 விழுக்காடே உள்ளது. அதுவும் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. 1998இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பெரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது அதன் உட்கிரகிப்பு இருபது மடங்கு உயர்ந்தது. மஞ்சளையும் மிளகையும் சேர்த்துச் சமைத்த நம் முன்னோரின் அறிவிற்கு இதுவே சான்று என்று இவ்வாய்வு பெரிதும் எடுத்தாளப்படுகிறது. சேர்க்கை குறித்த மரபின் கருத்திற்கு இது வலுவூட்டுவது உண்மையே. ஆனால் அளவை நோக்குவோம். 20 மில்லிகிராம் பைப்பெரினை அரைக் கிராமுக்கும் குறைவான மிளகிலிருந்து பெறலாம். 2 கிராம் குர்குமினைப் பெறவோ 65 கிராமுக்கும் மேற்பட்ட மஞ்சள் தூள் வேண்டும். நால்வருக்கான குழம்பில் அரைத் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் மஞ்சள் சேர்க்கிறோம் எனின், ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 11 மில்லிகிராம் குர்குமின் மட்டுமே. ஆய்வுக்கூடத்திற்கும் அடுப்பங்கரைக்கும் இடையே உள்ள தொலைவு இதுவாகும்.

2017இல் வெளிவந்த வேதியியல் திறனாய்வுக் கட்டுரையொன்று, குர்குமின் நிலையற்ற பொருளென்றும், சோதனைக் குழாயில் போலியான நேர்விளைவுகளைக் காட்டவல்லது என்றும், அதுவரை நடந்த முறையான மனித ஆய்வுகள் அதன் ஆற்றலை நிறுவவில்லை என்றும் எடுத்துரைத்தது. மறுபுறம், 2023இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வொன்றில், காரணம் புலப்படாத செரியாமையால் வருந்தியோர்க்கு நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமின் அளித்தபோது, வழக்கமாக வழங்கப்படும் அமிலக் குறைப்பு மருந்தாகிய ஒமெப்ரசோலுக்கு நிகரான நிவாரணம் கிடைத்தது. மஞ்சளின் பயன் தெளிவாகத் தென்பட்ட இடம் மரபு சுட்டிய செரிமானமே என்பது நோக்கத்தக்கது.

அளவு மிகும்போது தீங்கும் வருகிறது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை இத்தாலி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் பதிவு செய்துள்ளன. அவற்றுள் பல, பைப்பெரின் சேர்க்கப்பட்ட மாத்திரைகள். குர்குமினின் உட்கிரகிப்பை உயர்த்தும் அதே பைப்பெரின், வலிப்பிற்கான ஃபெனிடோயின், இரத்த அழுத்தத்திற்கான புரோப்ரனோலால் முதலிய மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தவல்லது. குழம்பில் இட்ட மஞ்சளும் மாத்திரையாக அடைத்த மஞ்சளும் ஒன்றல்ல என்பதை இதனால் உணரலாம்.

5. வெந்தயமும் பட்டையும்: நீரிழிவு குறித்த கூற்றுகள்

நம் சமூகத்தில் மிகவும் கவனமாகக் கையாள வேண்டிய பகுதி இதுவாகும். வெந்தயத்தில் கரையும் நார்ப்பொருள் மிகுதி. அது குடலில் கூழ்போல் பரந்து சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தைத் தணிக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990களில் வெளியிட்ட ஆய்வுகளில் வெந்தயம் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. ஆயின், அங்குக் கொடுக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு 25 கிராம் முதல் 100 கிராம் வரையாகும். தாளிதத்தில் நாம் இடும் வெந்தயம் இரண்டு கிராமை எட்டுவதே அரிது. அதுவும் குடும்பம் முழுமைக்கும் உரியது. மேலும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோடு மிகுதியான வெந்தயத்தையும் சேர்த்து உண்போர்க்குச் சர்க்கரை அளவு மீறித் தாழவும் கூடும். எனவே வெந்தயம் உணவில் துணையாகலாம். மருத்துவர் தந்த மருந்திற்கு மாற்றாகாது.

பட்டையின் செய்தி இன்னும் நுட்பமானது. 2003இல் பாகிஸ்தானில் 60 நீரிழிவு நோயாளரிடம் நடத்தப்பெற்ற ஆய்வில், நாளொன்றுக்கு 1, 3, 6 கிராம் பட்டை 40 நாள்கள் கொடுக்கப்பட்டபோது இரத்தச் சர்க்கரை குறைந்தது. அவ்வாய்வே உலகெங்கும் பட்டைக்குப் புகழ் சேர்த்தது. அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகளின் முடிவுகளோ ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மேலும், கடைகளில் 'பட்டை' என்னும் ஒரே பெயரில் இருவகைச் சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று, இலங்கைக் கறுவா. மெல்லிய பல சுருள்களாக இருப்பது, எளிதில் நொறுங்குவது. மற்றொன்று, காசியா எனப்படும் தடித்த பட்டை. பின்னதில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. அது மிகுந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரினே வாழ்நாள் முழுதும் ஏற்கத்தக்க அளவு என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்துள்ளது. 60 கிலோ எடையுடைய ஒருவர் நாள்தோறும் ஏறத்தாழ 2 கிராம் காசியாத் தூளை உண்டால் இவ்வெல்லையை எட்டிவிடுவார் என்று ஜெர்மானிய இடர் மதிப்பீட்டு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பிரியாணியில் இடும் ஒரு துண்டுப் பட்டையால் அச்சமில்லை. நாள்தோறும் கரண்டிக் கணக்கில் உண்ணுமாறு அறிவுறுத்துவதே இடரானது.

6. சமையலறையின் உண்மையான பயன்

அவ்வாறாயின் அன்றாடச் சமையலில் மணப்பொருள்களால் பயனில்லையோ எனில், உண்டு. அப்பயன் நேரடியாக நோய் தீர்ப்பதாக அன்றி உணவுப் பழக்கத்தின் வழியாக வருவதாகும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பைக் குறைத்தால் உணவு சுவையிழக்கும். அச்சுவையை ஈடுசெய்ய மணப்பொருள்கள் உதவுகின்றன. அமெரிக்காவில் 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், மணப்பொருள்களைக் கையாளப் பயிற்சி பெற்றோர், பெறாதோரைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் சோடியம் குறைவாக உட்கொண்டனர். இரத்த அழுத்தம் மிகுந்த ஒருவருக்கு இஃது எளிதான செய்தியன்று. கீரையையும் பருப்பையும் காய்கறியையும் விரும்பி உண்ணச் செய்வதும் சீரகமும் மிளகும் பூண்டும் ஆற்றும் தொண்டே. ஆனால் அதே மணப்பொருள்கள், எண்ணெயும் உப்பும் மிதக்கும் குழம்பையும் அளவின்றி உண்ணும் சோற்றையும் சுவையாக்கவல்லன என்பதையும் மறத்தலாகாது. கட்டுரையின் முன்னுரையில் குறிப்பிட்ட முரணுக்கு விடையின் ஒரு பகுதி இங்குள்ளது: அஞ்சறைப்பெட்டி தட்டிலுள்ள சோற்றின் அளவைக் குறைத்துவிடாது.

7. தூய்மை

மரபு 'சுத்தி' என்று கூறியதற்கு இக்காலத்தில் புதிய பொருள் உண்டாகியுள்ளது. மஞ்சளின் நிறத்தைக் கூட்ட ஈயக் குரோமேட்டு என்னும் நச்சுச் சாயத்தைப் பூசும் வழக்கம் வங்காளதேசத்தில் பரவியிருந்ததை 2019இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அந்நாட்டு அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்ததன் பயனாக, 2019இல் சந்தை மாதிரிகளுள் 47 விழுக்காட்டில் காணப்பட்ட ஈயம் 2021இல் எதிலும் காணப்படவில்லை. விழிப்புணர்வும் சட்டமும் இணைந்தால் விளையும் நன்மைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. 2024 ஏப்ரலில் சிங்கப்பூர் அரசு, பூச்சிக்கொல்லியாகப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு மிகுந்திருந்த காரணத்தால், இந்தியாவிலிருந்து இறக்குமதியான மீன்கறி மசாலா ஒன்றை மீட்டுக்கொள்ளப் பணித்தது. எனவே முழுச் சரக்காக வாங்கிக் கழுவி உலர்த்தி அரைக்கும் பழைய வழக்கத்தைப் பழமை என்று ஒதுக்கிவிட இயலாது. மலிவான, மிகப் பளிச்சிடும் தூளை ஐயுற்று நோக்குதல் நன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், மணப்பொருள்களின் பயனை மரபு மிகைப்படுத்தவில்லை என்பதும், மரபின் பெயரால் நாமே மிகைப்படுத்துகிறோம் என்பதும் புலனாகும். அளவு, சேர்க்கை, தூய்மை என்னும் மூன்று வரையறைகளோடு மரபு கூறியதை, அவ்வரையறைகளை நீக்கிவிட்டு நாம் பரப்பி வருகிறோம். செரிமானத்திலும் குமட்டலிலும் ஆய்வு மரபிற்குத் துணைநிற்கிறது. நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றில் சமையலறை அளவு மருந்தின் அளவை எட்டுவதில்லை.

தமிழாசிரியர்கள் இப்பொருளில் கட்டுரை எழுதப் பணிக்கும்போது மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்கலாம். இப்பயன் எந்த அளவில் கண்டறியப்பட்டது? மனிதரிடம் கண்டதா, விலங்கிடமா, சோதனைக் குழாயிலா? மருத்துவர் தந்த மருந்தோடு சேரும்போது என்ன நேரும்? இவ்வினாக்கள் மரபின்மீது ஐயத்தை விதைப்பன அல்ல. மரபை நேர்மையாகப் பயில்விப்பன. மணப்பொருளை மருந்தாகவே கொள்ள விழைவோர்க்கும் வழியுண்டு. மலேசியாவின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டம், இந்திய மரபு மருத்துவத்தையும் தன் வரையறைக்குள் கொண்டுள்ளது. தாம் உட்கொள்ளும் மருந்துகளை மறைக்காமல் கூறி, தகுதிபெற்ற மருத்துவரை நாடுதலே முறை.

அஞ்சறைப்பெட்டியை நாம் மூட வேண்டியதில்லை. மருந்துப் பேழைக்கு மாற்றாக அதனை வைத்தலும் வேண்டா. இரண்டிற்கும் உரிய இடத்தை இளைய தலைமுறைக்குத் தெளிவுறக் கற்பிப்பதே இன்று நமக்குள்ள கடமையாகும்.